கோதுமையை விட்டவர் எந்த மாவுக்குப் போவது?

வயிறு அடிக்கடி உப்பிக்கொள்கிறது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் இரைச்சல். ஒரு வாரம் மலச்சிக்கல், மறுவாரம் வயிற்றுப்போக்கு. இப்படி அவதிப்படுகிறவர்களில் பலர் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே சப்பாத்தியை நிறுத்திவிடுகிறார்கள். கையோடு அதன் இடத்தில் 'சத்தான' மாவு ஒன்று வீட்டுக்கு வந்துவிடும்: சத்துமாவு, மல்டிகிரெயின் ஆட்டா, சோயா கலந்த மாவு, யாரோ சொல்லிக் கேள்விப்பட்ட தேங்காய் மாவு. இரண்டு வாரத்தில் வயிறு முன்பைவிட மோசமாகும். ஒரு மாவில் எவ்வளவு சத்து இருக்கிறது என்பது வேறு, குடலுக்குள் போய் அது என்ன செய்யும் என்பது வேறு. மாவுப் பொட்டலத்தின் முகப்பில் முதலாவதைத்தான் அச்சடிக்கிறார்கள்.

ஸ்கேனிலும் எண்டோஸ்கோபியிலும் ஒன்றும் தெரியாமல், ஆனால் வலியும் உப்புசமும் விடாமல் தொடரும் இந்தத் தொல்லைக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் ஐபிஎஸ். இதற்கென ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும் உருவாக்கிய உணவுமுறைதான் 'ஃபாட்மேப்' குறைந்த உணவு. அந்தப் பெயர் 2005-இல் அச்சேறியது. சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் தங்கிவிடும் சில சர்க்கரைகளையும் சிறு மாவுச்சத்துச் சங்கிலிகளையும் சேர்த்துக் குறிப்பது அது. இவை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். பெருங்குடலுக்குப் போனதும் அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் இவற்றைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்கும். இது எல்லோர் வயிற்றிலும் நடக்கிற காரியம்தான். ஐபிஎஸ் உள்ளவர்களின் குடல் நரம்புகளுக்கு உணர்ச்சி அதிகம் என்பதால், மற்றவர்கள் கவனிக்காமலே விட்டுவிடும் காற்று இவர்களுக்கு வலியாகிறது.

கோதுமையில் இந்த வகையைச் சேர்ந்தது ஃப்ரக்டான். நூறு கிராம் மாவில் ஏறக்குறைய ஒன்றிரண்டு கிராம்தான் இருக்கும். ஆனால் நாம் கோதுமையைக் கரண்டியால் அளந்து சாப்பிடுவதில்லை. மைதா, ரவை, சேமியா, சம்பா கோதுமை எல்லாம் இதே கணக்குதான்; தவிட்டை நீக்கிவிட்டதால் ஃப்ரக்டான் போய்விடாது. பழி மட்டும் பெரும்பாலும் குளூட்டன் என்ற புரதத்தின் மேல் விழுகிறது. சீலியாக் நோய் இல்லாமலே, ஒத்துக்கொள்ளவில்லை என்று தாங்களாகவே குளூட்டனை ஒதுக்கி வாழ்ந்த 59 பேரை வைத்து நார்வேயின் ஆஸ்லோவில் ஒரு சோதனை நடந்தது. 2018-இல் முடிவு வெளியானது. குளூட்டன் சேர்த்தது, ஃப்ரக்டான் சேர்த்தது, இரண்டும் சேர்க்காதது என மூன்று வகைத் தின்பண்டங்களை, எது எதுவென்று சொல்லாமல் ஒவ்வொன்றையும் ஒரு வாரம் கொடுத்தார்கள். தொல்லை அதிகமானது ஃப்ரக்டான் வாரத்தில். குளூட்டன் வாரத்துக்கும் வெறும் பண்ட வாரத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சீலியாக் நோய் என்பது வேறு. அதில் குளூட்டன்தான் குற்றவாளி. சிறுகுடலின் உட்சுவரையே அது அரித்துவிடும், ஆயுளுக்கும் துளிகூடச் சேர்க்கக்கூடாது. கோதுமை குறைவாகச் சாப்பிடும் தென்னிந்தியாவில் இந்த நோய் அரிது. 2016-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், இதற்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கில் 1.23 சதவீதம், தெற்கில் 0.10 சதவீதம். அரிது என்பதால் இல்லவே இல்லை என்று ஆகாது. அந்த ரத்தப் பரிசோதனை சரியாக வர வேண்டுமானால், கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். முதலில் சப்பாத்தியை நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் கழித்து டாக்டரிடம் போனால் முடிவு பொய்யாக வரக்கூடும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்தில் எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு இவற்றில் ஏதாவது இருந்தால் மாவு ஆராய்ச்சியே வேண்டாம், நேராக மருத்துவமனைதான்.

அரிசி மாவுக்கு ஒரு வக்காலத்து

சத்தில்லாதது, சர்க்கரையை ஏற்றுவது என்று இன்று எல்லோரிடமும் திட்டு வாங்குவது வெள்ளை அரிசி மாவு. வயிற்று உப்புசக்காரருக்கு அதைவிடப் பத்திரமான மாவு கிடைப்பது கடினம். குடல் வாயுவை ஆராய்வதற்கென்றே வாழ்நாளைச் செலவிட்ட அமெரிக்க மருத்துவர் மைக்கேல் லெவிட்டும் அவர் குழுவினரும் 1987-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். அரிசி, கோதுமை, ஓட்ஸ், மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, பீன்ஸ் என வெவ்வேறு உணவுகளைக் கொடுத்து, சாப்பிட்டவர்களின் மூச்சில் வரும் ஹைட்ரஜனை அளந்தார்கள். குடலில் புளித்தது எவ்வளவு என்பதை அது காட்டிக்கொடுக்கும். கிட்டத்தட்ட முழுவதும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டது அரிசி ஒன்றுதான். இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, ஆப்பம் இவற்றின் மேல் பாட்டிகள் வைத்திருந்த நம்பிக்கை வீண்போகவில்லை.

சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் கதை மாறுகிறது. அவர்களுக்கு அரிசி மாவை மட்டும் நம்பியிருப்பது சரிவராது. கேழ்வரகு, கம்பு, வெள்ளைச் சோளம், தினை, சாமை பக்கம் போகலாம். இவற்றில் குளூட்டன் இல்லை, ஃப்ரக்டானும் குறைவு. நார்ச்சத்து மட்டும் கவனிக்க வேண்டியது. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார் இருக்கிறது. நேற்றுவரை இட்லி சாப்பிட்ட வயிற்றுக்கு இன்று மூன்று வேளையும் களி போட்டால் அது முரண்டுபிடிக்கும். ஒரு வேளையாகத் தொடங்கி ஏற்றிக்கொண்டு போவதே வழி. கம்பு மாவில் கொழுப்பு அதிகம், சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும். கொஞ்சமாக அரைத்து வைத்துக்கொள்வது நல்லது.

'கூழ் குடித்தாலே எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்பவர்கள் கூழைச் சந்தேகிக்கும் முன் தொட்டுக்கொண்டதைப் பார்க்க வேண்டும். சின்ன வெங்காயத்தில் ஃப்ரக்டான் ஏராளம். மோரில் லாக்டோஸ். இரண்டையும் நீக்கிவிட்டுக் குடித்துப் பார்த்தால் கேழ்வரகு நிரபராதி என்று தெரிய வாய்ப்பு உண்டு. வெங்காயமும் பூண்டும் மணக்கும் குருமாவில் தோய்த்துச் சாப்பிட்ட சப்பாத்திக்கும் இதே விசாரணை வேண்டும்.

உண்மையான வில்லங்கம் பருப்பு மாவுகளில் இருக்கிறது. கடலை மாவு, சோயா மாவு இரண்டிலும் காலக்டான் வகைச் சர்க்கரைகள் நிறைய. பஜ்ஜியின் மெல்லிய மேல்பூச்சு ஒன்றிரண்டைத் தாங்கிக்கொள்ளும் வயிறு, கடலை மாவு அடையைத் தாங்காது. சத்துமாவை எடுத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகு, கம்பு எல்லாம் சரி. கூடவே கோதுமை, பார்லி, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, சோயா, முந்திரி. வளரும் குழந்தைக்கு அருமையான பொருள்தான். உப்புசக்காரர் விலக்கவேண்டிய பட்டியலைத் தேடிப் பிடித்து வறுத்து அரைத்தது மாதிரி இருக்கிறது. 'வயிறு சரியில்லை, சத்துமாவுக் கஞ்சியாவது குடி' என்று வற்புறுத்துகிற வீடுகள் இதை யோசிக்கலாம். மல்டிகிரெயின் ஆட்டாவும் பெயரில்தான் பல தானியம். சேர்மானப் பட்டியலின் முதல் வரியில் இருப்பது கோதுமையாகத்தான் இருக்கும்.

அப்படியானால் இட்லியும் தோசையும்? உளுந்தும் பருப்புதானே? இங்கே பக்குவம் உதவுகிறது. அந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரையும். ஊறும்போது ஒரு பங்கு வெளியேறும், மாவு புளிக்கும்போது நுண்ணுயிர்கள் இன்னும் கொஞ்சத்தைத் தின்றுவிடும். அரிசியோ உளுந்தைப்போல மூன்று நான்கு மடங்கு. ஊறிய தண்ணீரையே விட்டு அரைத்தால் மாவு நன்றாகப் பொங்கும் என்பது பல வீடுகளின் வழக்கம். வயிற்றுத் தொல்லைக்காரர் இருக்கும் வீட்டில் அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் விட்டு அரைக்கலாம். புளிக்கவைக்காமல் உடனே ஊற்றும் மிக்ஸ்களுக்கும், மூன்று நான்கு பருப்பு சேர்ந்த அடைக்கும் இந்தச் சலுகை கிடையாது.

பாதாம் மாவு கால் கப் அளவுக்குப் பாதகமில்லை, அதற்குமேல் கூடாது. விலையே அதைப் பார்த்துக்கொள்ளும். தேங்காய் மாவில் புளிக்கும் சர்க்கரை அதிகம். ஜவ்வரிசியும் கூவைக்கிழங்கு மாவும் வயிற்றுக்கு இதம், ஆனால் வெறும் மாவுச்சத்துதான்.

மில்லும் பெருங்காயமும்

சீலியாக் உள்ளவர்களுக்கு எந்த மாவு என்பதோடு கேள்வி முடியாது, எங்கே அரைத்தது என்பதும் சேர்ந்துகொள்ளும். குளூட்டன் இல்லை என்று எழுதி விற்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டிலும் விதி. அமெரிக்காவில் 2010-இல், இயற்கையிலேயே குளூட்டன் இல்லாத தானியங்களிலும் மாவுகளிலும் 22 மாதிரிகளைச் சோதித்ததில் 7 அந்த வரம்பைத் தாண்டியிருந்தன. தெருமுனை மாவு மில்லில் முன்னால் நின்றவர் கோதுமை அரைத்துக்கொண்டு போன மெஷினில் நம் கேழ்வரகைக் கொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இவர்கள் வீட்டு மிக்ஸியில் அரைப்பதோ, குளூட்டன் இல்லை என்று சான்று பெற்ற பொட்டலம் வாங்குவதோதான் பத்திரம். கூட்டுப் பெருங்காயத்தில் பல தயாரிப்புகளில் மைதா சேர்ந்திருக்கிறது. டப்பாவைத் திருப்பி, அரிசி மாவு சேர்த்ததா என்று பார்த்து வாங்க வேண்டும். ஐபிஎஸ் மட்டும் உள்ளவர்களுக்கு இந்தச் சிட்டிகைக் கணக்கு தேவையில்லை. அவர்களுக்குப் பெருங்காயம், வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்புக்கு வாசனை தரும் நல்ல துணை.

சோள மாவையும் கம்பு மாவையும் பிசைந்து குழவியால் உருட்டினால் ஓரம் வெடிக்கும். பிடித்து நிறுத்தக் குளூட்டன் இல்லை. கொதிக்கிற தண்ணீர் விட்டுக் கிளறி, சூடு பொறுக்கும் பதத்தில் பிசைந்து, கையால் தட்டினால் ரொட்டி வரும். ஒரு டீஸ்பூன் இசப்கோல் சேர்த்தால் மாவு இன்னும் இணங்கும். இசப்கோலை மருத்துவர்கள் ஐபிஎஸ்ஸுக்கே பரிந்துரைக்கிறார்கள் என்பதால் அதில் லாபம் இரட்டை. தண்ணீர் மட்டும் தாராளமாகக் குடிக்க வேண்டும்.

ஃபாட்மேப் குறைக்கும் இந்தப் பத்தியத்தில் பலர் கோட்டைவிடும் இடம் அதன் இரண்டாம் பாதி. விலக்குவது இரண்டு முதல் ஆறு வாரம்வரைதான். குடலின் நல்ல பாக்டீரியாக்களுக்கு ஃப்ரக்டானும் காலக்டானும்தான் தீனி. நீண்ட நாள் நிறுத்தினால் அவை குறைகின்றன. எனவே வயிறு அடங்கியதும், முடிந்தால் ஓர் உணவியல் நிபுணரின் துணையோடு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோதுமையைச் சோதிக்கும் வாரத்தில் கடலை மாவு கூடாது, வெங்காயமும் கூடாது. முதல் நாள் அரைச் சப்பாத்தி, மறுநாள் ஒன்று, அதற்கடுத்த நாள் இரண்டு, பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி. இரண்டுவரை ஒன்றும் செய்யாமல், மூன்றாவதில்தான் வயிறு இறுகுகிறது என்று கண்டுகொள்கிறவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் கோதுமை மாவு டப்பா காலியாக வேண்டியதில்லை.