கொல்லைப்புறத்தில் ஒரு கான்கிரீட் பாதை

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கும் கிணற்றடிக்கும் இடையே 18 அடி தூரந்தான். மழைக்காலம் வந்துவிட்டால் அந்த 18 அடியும் களிமண் சேறு. சென்ற ஐப்பசியில் எங்கள் பாட்டி அதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்கள். அடுத்த மழைக்குள் அங்கே ஒரு பாதை போட்டே தீருவது என்று அப்பா முடிவு செய்தார்கள். கொத்தனார் கேட்ட தொகையோ எங்கள் கைக்கு எட்டவில்லை. ஆகவே கோடை விடுமுறையில் அப்பா, தம்பி, நான் மூவருமே கொத்தனாரும் சித்தாளும் ஆனோம்.

கன அளவுக் கணக்கு எதற்கு என்று முணுமுணுக்கும் தோழியரே, இதைச் சற்றுக் கேளுங்கள். பாதையின் நீளம் 18 அடி, அகலம் 2½ அடி, கனம் 3 அங்குலம், அதாவது ¼ அடி. பெருக்கினால் 11¼ கன அடி. ஆனால் கலக்கும்போது மணல் ஜல்லியின் இடுக்குகளிலும், சிமெண்ட் மணலின் இடுக்குகளிலும் புகுந்துவிடும். அதனால் உலர்ந்த பொருள்கள் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாக, சுமார் 17½ கன அடி வேண்டும். சிமெண்ட் 1 பங்கு, மணல் 2 பங்கு, ஜல்லி 4 பங்கு என்று பிரித்தால் சிமெண்ட் 2½ கன அடி. ஐம்பது கிலோ மூட்டை ஒன்று ஏறக்குறைய 1¼ கன அடி. ஆக, இரண்டே மூட்டை! மணலுக்குப் பதில் எம்-சாண்ட் 5 கன அடி, முக்கால் அங்குல ஜல்லி 10 கன அடி வாங்கினோம்.

மண்ணை ஆறு அங்குலம் வெட்டி, இடிந்த சுவரின் செங்கல் துண்டுகளை மூன்று அங்குலத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டோம். இருபுறமும் பழைய பலகைகளை நிறுத்தினோம். குறுக்கே மூன்றடிக்கு ஒரு பலகை வைத்து ஆறு கட்டங்களாகப் பிரித்தோம். முதல் நாள் 1, 3, 5. மறுநாள் குறுக்குப் பலகைகளை எடுத்துவிட்டு 2, 4, 6. இறுகும்போது கான்கிரீட் சிறிது சுருங்கும். இப்படிப் போட்டால் பிளவு நடுவில் விழாமல், கட்டங்கள் சேரும் இடத்தோடு நின்றுவிடும். ஒரு நாளைக்கு ஒரு மூட்டை என்பதால் எங்கள் முதுகுக்கும் நல்லது!

தவறு முதல் கட்டத்திலேயே நடந்தது, அதுவும் என்னால். கலவை மண்வெட்டிக்கு இளகவில்லையே என்று ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்து, மேலும் கொஞ்சம் ஊற்றினேன். பாயசம்போல் வழிந்தோடி நிரம்பியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதியியல் முறையில் சேர்ந்து இறுகுகிறது. அதற்கு வேண்டியதற்கு மேல் உள்ள நீர் பின்னர் ஆவியாகி, உள்ளே நுண்ணிய துளைகளை விட்டுப் போகிறது. சிமெண்டுக்கு நீர் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு வலிமை குறையும் என்பதைச் சிகாகோவில் டஃப் ஆப்ராம்ஸ் என்பவர் 1918-இல் சோதனைகளால் நிறுவினார். ஒரு மூட்டைக்கு 25 முதல் 28 லிட்டர் போதும். எங்கள் ஒரு கட்டத்துக்கு ஒன்பது லிட்டர்தான் கணக்கு! மற்ற ஐந்து கட்டங்களுக்கும் அப்பா அளந்து ஊற்றினார்கள்.

கிணற்றின் எதிர்ப்புறமாக அரை அங்குலச் சரிவு கொடுத்து, மணியாசு கட்டையால் மட்டம் செய்தோம். தம்பி கரண்டியால் கண்ணாடிபோல் தேய்க்க ஆசைப்பட்டான். விடவில்லை. வழுவழுப்பாக இருந்தால் பாட்டி மறுபடியும் விழுவார்களே! ஈர்க்குமாற்றால் குறுக்காகக் கோடு இழுத்துவிட்டோம். (வெறுங்கையால் கலவையைத் தொடாதீர்கள். என் விரல்நுனிகள் வெந்து தோல் உரிந்தன.)

கலக்கும்போது கஞ்சத்தனம் காட்டிய தண்ணீரை, இறுகிய பிறகு தாராளமாகக் கொடுக்க வேண்டும். நனைத்த சாக்குகளைப் போர்த்தி, பத்து நாள் அவை உலராமல் பார்த்துக்கொண்டேன். மூன்றாம் நாளே நடந்து பார்க்கப் பாட்டி துடித்தார்கள். ஒரு வாரம் வரை அவர்களைத் தடுத்து நிறுத்தியது கலவை சுமந்ததைவிடக் கடினம்.

இப்போது முதல் கட்டத்தைப் பெருக்கினால் வெள்ளைத் தூள் வருகிறது. நடுவில் ஒரு கீறலும் உண்டு. அதை உடைத்து மீண்டும் போட மூன்றில் ஒரு மூட்டை சிமெண்ட் போதும். கடையில் முழு மூட்டையாகத்தான் தருவார்களாம். மிச்சத்தில் துவைக்கும் கல்லைச் சுற்றித் தளம் போடலாம் என்று அம்மா இப்போதே இடத்தை அளந்து வைத்திருக்கிறார்கள்.