மூன்று நூல்களும் ஒரு கேள்வியும்

மார்க்கத்தையும் அரசியலையும் பற்றிய நூலொன்று கைக்கு வந்தால், படித்து முடித்த சூட்டோடு வீட்டில் விவாதத்திற்கு இறங்கிவிடுகிறீர்களா? நான் அப்படி இறங்கியவன். ஆதலால் இதை எழுதத் துணிந்தேன்.

1950ஆம் ஆண்டு எகிப்தில் ஒரு நூல் வெளிவந்தது. ‘இங்கிருந்து தொடங்குவோம்’ என்பது அதன் அரபுப் பெயரின் பொருள். ஆசிரியர் காலித் முஹம்மது காலித், அல்-அஸ்ஹரில் ஷரீஅத் பயின்று பட்டம் பெற்ற ஆலிம். ஏழையின் ரொட்டியைப் பற்றியும் பெண்களின் உரிமையைப் பற்றியும் உருக்கமாகப் பேசிய அந்நூல், மார்க்கம் வேறு, ஆட்சி வேறு என்றும் வாதிட்டது. பிரதிகள் பறிமுதல் செய்யப்பட்டன. அவ்வாண்டே நீதிமன்றம் அவற்றை விடுவித்தது. இத்தகைய புயல் அந்நாட்டிற்குப் புதிதன்று. 1924இல் துருக்கியில் கிலாபத் ஒழிக்கப்பட்டது. மறு ஆண்டே, கிலாபத் மார்க்கக் கடமையன்று என எழுதிய ஷைகு அலீ அப்துர் ராஸிக்கின் ஆலிம் பட்டத்தை அல்-அஸ்ஹரின் பேரறிஞர் அவை பறித்துவிட்டது.

காலிதின் நூலை ஆங்கில மொழிபெயர்ப்பில், கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்தேன். விடுமுறைக்கு ஊர் வந்ததும் அத்தாவிடம் பக்கம் பக்கமாக எடுத்துரைத்தேன். அவர்கள் அரபுத்தமிழ்க் கிதாபுகளைத் தவிர வேறெதுவும் படித்தறியாதவர்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இந்த நூலுக்கு யாரும் பதில் எழுதவில்லையா, தம்பி?” என்றார்கள். ஆலிம் ஒருவரே எழுதியதற்கு வேறு யார் பதில் எழுதுவது என்று சொல்லிச் சிரித்தேன். அவர்கள் அதற்குமேல் பேசவில்லை.

பதில் எழுதப்பட்டிருந்தது. எழுதியவரும் அல்-அஸ்ஹர் ஆலிமே, காலிதின் நண்பருங்கூட: ஷைகு முஹம்மது அல்-கஸ்ஸாலி. (இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் என மயங்க வேண்டா, அவர்கள் மறைந்து எண்ணூறு ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் இவர்.) ‘இங்கிருந்து அறிவோம்’ என்று தம் நூலுக்குப் பெயரிட்டு, ஆட்சியும் இஸ்லாத்தின் ஒரு பகுதியே என வாதிட்டார். நண்பர்மீது வழக்குத் தொடுப்பதை விட்டு நூலுக்கு நூலால் விடையிறுத்த அந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கதை அத்துடன் முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1981இல், காலித் ‘இஸ்லாத்தில் அரசு’ என்னும் நூலை வெளியிட்டார். ஆட்சி பற்றித் தாம் முன்னர் எழுதியது தவறு என அதில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஐரோப்பாவில் திருச்சபை ஆட்சி இழைத்த கொடுமைகளைப் படித்து அதே அளவுகோலை இஸ்லாத்தின்மீதும் வைத்துவிட்டதாகவும், அந்நாளில் எகிப்தில் மார்க்கத்தின் பெயரால் நடந்த இரகசியக் கொலைகள் தம் உள்ளத்தைக் கலக்கியதாகவும் காரணம் கூறினார். ஆயினும் கொடுங்கோன்மைக்கு அவர் இடங்கொடுக்கவில்லை. ஷூரா என்றால் மக்கள் தேர்ந்தெடுக்கும் அவையும் தடையற்ற எதிர்க்கட்சியுமே என்றார். 1961இல் அதிபர் நாஸிரின் முகத்துக்கு நேரே மக்களாட்சிக்காக வாதாடிய நாவல்லவா அது!

அவர் திருத்திக்கொண்டதாலேயே முதல் நூல் முழுவதும் குப்பையென்று எண்ணிவிடாதீர்கள். ரொட்டியைப் பற்றிய அதிகாரம் இன்றும் என்னைச் சுடுகிறது. கஸ்ஸாலியின் மறுப்பிலும் எல்லாமே எனக்கு உடன்பாடன்று. ஆனால், சொல்லைச் செவிமடுத்து அதில் சிறந்ததைப் பின்பற்றும் அடியார்களுக்கு நன்மாராயம் உண்டென்று திருமறை (39:17, 18) கூறுகிறதே, ஒரு சொல்லை மட்டும் கேட்டவன் சிறந்ததை எதனோடு ஒப்பிட்டுத் தேர்வான்?

நண்பர்கள் இருவரும் 1996ஆம் ஆண்டிலேயே இறைவனடி சேர்ந்தார்கள். காலித் தம் கருத்தை மாற்றிக்கொண்ட செய்தி எனக்கு எட்டும் முன்னரே அத்தா மறைந்துவிட்டார்கள். அவர்களிடம் போய்ச் சொல்ல வாய்க்கவில்லை. 1950ஆம் ஆண்டின் நூலையும் அதன் மறுப்பையும் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் ஒருவரே: அறிஞர் இஸ்மாயில் ராஜி அல்-பாரூக்கி. இரண்டும் 1953இல் வாஷிங்டன் நகரில் ஒருசேர வெளிவந்திருந்தன. எங்கள் கல்லூரி அலமாரியில் நான் கண்டது முதல் நூலை மட்டுமே. இன்னொன்று இருக்கிறதா என்று நூலகரிடம் நான் கேட்கவேயில்லை.