ஹவுசிங் போர்டு வீடு வாங்கப் போறீங்களா? அட்வான்ஸுக்கு முன்னாடி இதைப் படிங்க



பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, பெருமாள்புரம் பக்கம் ஹவுசிங் போர்டு வீடு ஒண்ணு விலைக்கு வருது. ஒதுக்கீட்டு ஆணை இருக்கு, தவணையும் முடிஞ்சிருச்சாம். விற்பனைப் பத்திரம் மட்டும் இன்னும் வாங்கலையாம். அரசு வீடுதானே, அட்வான்ஸ் கொடுக்கலாமா?"

இப்போதைக்குக் கொடுக்காதீங்க. காரணம் புரியணும்னா, அரசு வீடு யார் காசுல கட்டப்படுதுன்னு முதல்ல தெரியணும்.

தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு வாரியங்கள் இருக்கு.

ஒன்று, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-ல் பெயர் மாறியது. இங்கே பெரும்பகுதி மானியம். 2015-ல் வந்த பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில் ஒன்றிய அரசு ஒரு வீட்டுக்கு 1.5 லட்சம் கொடுத்தது. மீதி மாநில அரசும் பயனாளியும். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் மூடப்பட்டப்போ, தொழிலாளர்களுக்கு ரெட்டியார்பட்டியில் வீடு தர அரசு முன்வந்ததே, அது இந்த வாரியம் கட்டினதுதான். அந்த ஒன்றியத் திட்டத்தில் இப்படி வாரியம் கட்டும் வீடு பெற, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3 லட்சத்துக்குள் இருக்கணும்னு விதி இருந்தது. நம்மில் பலருக்குப் பொருந்தாது.

இரண்டு, வீட்டுவசதி வாரியம். 1961 சட்டப்படி அமைந்தது. நாம ஹவுசிங் போர்டுன்னு சொல்றது இதைத்தான். இது ஹட்கோ, வங்கிகளிடம் கடன் வாங்கி, நிலம் எடுத்து, வீடு கட்டி, தவணைக்கு விற்கும். அந்தக் கடனை அடைப்பது ஒதுக்கீடு பெற்றவர் கட்டும் பணம். சுருக்கமா சொன்னா, இங்கே செலவு உங்க தலையில்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். ஒதுக்கீட்டின்போது சொல்லும் விலை பெரும்பாலும் தற்காலிக விலைதான். நிலம் கொடுத்தவர் இழப்பீடு போதாதுன்னு கோர்ட்டுக்குப் போகலாம். கோர்ட் தொகையை உயர்த்தினா, வாரியம் அந்தச் சுமையைச் சேர்த்து இறுதி விலை நிர்ணயிக்கும். உதாரணத்துக்கு, நாலு சென்ட் மனைக்கு நில விலை 2 லட்சம்னு வச்சது 3 லட்சம் ஆச்சுன்னா, அந்த 1 லட்சமும் அதன் வட்டியும் வீட்டுக்காரர் கட்டணும். தவணை முடிஞ்சும் பத்திரம் வராம இருக்க இது ஒரு முக்கியக் காரணம். அரசு அவ்வப்போது வட்டித் தள்ளுபடி அறிவிக்கும். ஆனா விலை வித்தியாசத்தைக் கட்டித்தான் ஆகணும்.

அதனால் அட்வான்ஸுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க:

1. வாரியம் இறுதி விலை நிர்ணயிச்சாச்சா? விற்பவரை வாரிய அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்கச் சொல்லுங்க.
2. நிலுவை எவ்வளவு? வில்லங்கச் சான்றில் இது தெரியாது. நிலுவையில்லாச் சான்று கேளுங்க.
3. விற்பனைப் பத்திரம் விற்பவர் பெயரில் பதிவாகிருச்சா? ஒதுக்கீட்டு ஆணை பத்திரம் ஆகாது.

தம்பி, முதலில் விற்பவர் நிலுவையைக் கட்டி, தன் பெயருக்குப் பத்திரம் வாங்கட்டும். அதுக்கப்புறம் விலை பேசலாம்.

உங்க அப்பா ஹவுசிங் போர்டு வீட்டில்தான் இருக்காரா? இன்னிக்கே பீரோவைத் திறந்து பாருங்க. உள்ளே இருப்பது ஒதுக்கீட்டு ஆணையா, விற்பனைப் பத்திரமா?