டிப்ஸுக்குக் கட்டும் பணம் திரும்ப வருமா?

பெங்களூரில் ஐ.டி. வேலைக்குச் சேர்ந்து சம்பளம் கொஞ்சம் மிச்சமாகத் தொடங்கியதும் பலர் செய்யும் முதல் காரியம், டீமேட் கணக்கு திறப்பது. அடுத்ததாக டெலிகிராமில் ஓர் அழைப்பு வரும்: மாதம் 5,000 ரூபாய் கட்டுங்கள், தினமும் 'ஷ்யூர் ஷாட் கால்', அதாவது நிச்சயம் லாபம் தரும் பங்கு டிப்ஸ், தருகிறோம். கட்டலாமா? பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்பதே என் பதில்.

உங்களிடம் முதலீட்டுக்கு 2 லட்சம் இருக்கிறது என்று வையுங்கள். மாதம் 5,000 என்றால் ஆண்டுக்கு 60,000. அது உங்கள் முதலீட்டில் 30 சதவீதம். அந்த 30 சதவீதத்தைச் சம்பாதித்தால்தான் போட்ட பணம் குறையாமல் நிற்கும். தரகும் வரியும் தனி. அதே 2 லட்சத்தை நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டின் நேரடித் திட்டத்தில் போட்டால், ஆண்டுச் செலவு பெரும்பாலும் ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. முதலீடு 20 லட்சமாக இருந்தால் டிப்ஸ் கட்டணம் 3 சதவீதம்தான். அப்போதும் இண்டெக்ஸை விட 3 சதவீதம் கூடுதலாக, ஆண்டுதோறும், அவர்கள் ஈட்டித் தர வேண்டும்.

அவர்கள் காட்டும் லாப ஸ்கிரீன்ஷாட்டுகளை எப்படிப் பார்ப்பது? ஒருவர் 1,024 பேரில் பாதிப் பேருக்கு 'ஏறும்', மீதிப் பேருக்கு 'இறங்கும்' என்று அனுப்புகிறார் என்று வையுங்கள். சரியாக வந்த பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் அதையே செய்கிறார். ஐந்து முறை முடிந்ததும் 32 பேர் மிஞ்சுவார்கள். அவர்கள் கண்ணுக்கு அவர் ஐந்துக்கு ஐந்து சொன்ன மேதை. சந்தையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

டிப்ஸ் அதிகம் விற்பனையாவது ஆப்ஷன் வணிகத்துக்கு. 2021 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான மூன்று நிதியாண்டுகளில், ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனும் எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கண்டறிந்தது. சராசரி நஷ்டம் தலைக்குச் சுமார் 2 லட்சம். பெங்களூரிலேயே இருக்கும் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதாவின் நிதின் காமத், மூன்றாண்டுக் கணக்கில் வங்கி வைப்பு வட்டியை விட அதிகம் ஈட்டும் டிரேடர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று 2022இல் சொன்னார். மக்கள் வாங்கி விற்றால்தான் வருமானம் என்ற தொழிலில் இருப்பவரே இப்படிச் சொன்னதால் நான் இதைக் கூடுதல் கவனத்தோடு எடுத்துக்கொள்கிறேன்.

வெறும் தவறான கணிப்போடு நிற்காமல் விதிமீறல் வரை போனதும் உண்டு. 2022இல் சாத்னா பிராட்காஸ்ட் பங்கை அதானி குழுமம் வாங்கப்போகிறது என்றெல்லாம் யூடியூபில் பரப்பினார்கள். விலை ஏறியதும், முன்பே வாங்கி வைத்திருந்தவர்கள் சிறு முதலீட்டாளர்கள் தலையில் விற்றுவிட்டார்கள். 2023 மார்ச்சில் செபி இதில் தடை உத்தரவு போட்டது. அதே ஆண்டு, தமிழர்களுக்கு நன்கு அறிமுகமான ஆப்ஷன் டிரேடர் பி.ஆர். சுந்தர், பதிவின்றி ஆலோசனைச் சேவை தந்ததாக எழுந்த வழக்கில் செபியோடு சமரசம் செய்து, 6 கோடி ரூபாய்க்கு மேல் செலுத்தவும் ஓராண்டு சந்தையில் இறங்காமல் இருக்கவும் ஒப்புக்கொண்டார்.

அதனால் யாருக்காவது பணம் கட்டுவதானால் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆராய்ச்சி ஆய்வாளருக்கு அது ஐ.என்.எச். என்றும், முதலீட்டு ஆலோசகருக்கு ஐ.என்.ஏ. என்றும் தொடங்கும். செபி இணையதளத்தில் பெயரோடு ஒத்துப்பார்க்கலாம். எண் இருப்பதால் டிப்ஸ் பலிக்கும் என்றாகாது. தவறு நடந்தால் பிடித்துக் கேட்க ஓர் ஆள் இருக்கிறார், அவ்வளவுதான். பதிவு பெற்ற யாரும் லாபத்துக்கு உத்தரவாதம் தரக்கூடாது. தந்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

காசு கொடுத்துக் கேட்கத் தகுந்த ஆலோசனை ஒன்று உண்டு. கமிஷன் வாங்காமல், வீட்டுக்கடன், காப்பீடு, பிள்ளைகள் படிப்பு, ஓய்வுக்காலம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத் திட்டம் போட்டுத் தரும் பதிவு பெற்ற ஆலோசகரின் கட்டணத்தை நான் வீண் செலவாக நினைக்கவில்லை.

ஏற்கெனவே கட்டி ஏமாந்திருந்தால், பதிவு பெற்றவர் மீது செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் கொடுங்கள். போலி செயலியிலோ யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கிலோ பணம் போட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் கைமாறுவதற்குள் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம் இருப்பது முதல் சில மணி நேரத்தில்தான்.