முதல் விமானம் வாங்கப் போறீங்களா? விலையைப் பார்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்!

1999 ஜூலை 16. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள எசெக்ஸ் கவுண்டி விமான நிலையத்தில் இருந்து இரவு 8.38 மணிக்கு ஒரு சிறிய விமானம் கிளம்பியது. ஓட்டியவர், முன்னாள் அதிபர் ஜான் எஃப் கென்னடியின் மகன் ஜான் எஃப் கென்னடி ஜூனியர். உடன் இருந்தவர்கள் அவருடைய மனைவி கரோலின், கரோலினின் சகோதரி லாரன். மார்த்தாஸ் வின்யார்ட் தீவை நெருங்கும்போது விமானம் கடலில் விழுந்தது. மூன்று பேரும் உயிரிழந்தனர்.

விமானத்தில் இயந்திரக் கோளாறு எதுவும் இருந்ததற்கான தடயம் விசாரணையில் கிடைக்கவில்லை. இருட்டு, மங்கலான வானிலை, கீழே கடல். எது வானம், எது தண்ணீர் என்று தெரியாத நிலையில் விமானி கட்டுப்பாட்டை இழந்தார் என்பதுதான் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவு. அவர் லைசென்ஸ் வாங்கி 15 மாதங்கள்தான் ஆகியிருந்தன. மொத்தப் பறப்பு அனுபவம் சுமார் 310 மணி நேரம். ஆனால் அந்த ஆண்டு ஏப்ரலில் வாங்கிய அந்த பைப்பர் சாரடோகா விமானத்தில், பயிற்சியாளர் இல்லாமல் அவர் பறந்தது ஏறத்தாழ 3 மணி நேரம் மட்டுமே.

சொந்தமாக விமானம் வாங்க நினைப்பவர்கள் இந்த விபத்தில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ‘நல்ல விமானம் எது’ என்று கேட்பதைவிட, ‘இப்போதைய என் அனுபவத்துக்கு ஏற்ற விமானம் எது’ என்று கேட்பதுதான் சரி.

தனி விமானம்னா ஜெட்டா?

தனி விமானம் என்றதும் தொழிலதிபர்களின் சொகுசு ஜெட்தான் நினைவுக்கு வரும். ஆனால் சிறு விமானங்கள் அதிகம் பறக்கும் அமெரிக்காவில் ஆசிரியர்கள், மெக்கானிக்குகள், விவசாயிகள்கூட விமானம் வைத்திருக்கிறார்கள். அவர்கள் வைத்திருப்பது ஒற்றை பிஸ்டன் என்ஜின், முன்னால் ஒரு புரொப்பெல்லர், இரண்டு அல்லது நான்கு சீட் கொண்ட சின்ன விமானம். அதிலும் பெரும்பாலானவை 40, 50 வருஷம் பழசு.

ஏன் இவ்வளவு பழசு? விபத்து வழக்குகளில் இழப்பீட்டுச் சுமை கூடியதால் செஸ்னா நிறுவனம் 1986-ல் சிறிய பிஸ்டன் விமானத் தயாரிப்பையே நிறுத்தியது. பழைய விமானங்களுக்கான உற்பத்தியாளர் பொறுப்பை 18 ஆண்டுகளாக வரையறுக்கும் சட்டம் 1994-ல் வந்தது. அதன் பிறகு, 1996-ல்தான் தயாரிப்பு மறுபடி தொடங்கியது. இன்று ஒரு புது செஸ்னா 172 வாங்க 4 லட்சம் டாலருக்கு மேல் ஆகும். அதனால் முதல்முறை வாங்குபவர்கள் 1970களில் தயாரானவற்றைத்தான் தேடுகிறார்கள்.

முறையாகப் பராமரிக்கப்பட்டிருந்தால் விமானத்துக்கு வயது ஒரு குறையே இல்லை. சிக்கல், அது முறையாகப் பராமரிக்கப்பட்டதா என்று கண்டுபிடிப்பதில்தான்.

எதுக்காக வாங்குறீங்க?

இதுதான் முதல் கேள்வி. வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு போகும் நீண்ட பயணத்தை நினைத்து விமானம் வாங்குவது பலரும் செய்யும் தவறு. மீதி நாளெல்லாம் அவர்கள் தனியாகவோ, நண்பர் ஒருவருடனோ ஒரு மணி நேரம் பறந்துவிட்டுத் திரும்புவார்கள். பத்தில் ஒன்பது முறை எப்படிப் பறக்கப் போகிறோமோ, அதற்குத்தான் விமானம் வாங்க வேண்டும். பத்தாவது முறைக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

விமானி வேலைக்குப் போக நினைப்பவர்களின் கணக்கு வேறு. அமெரிக்காவில் கமர்ஷியல் லைசென்ஸுக்குப் பொதுவாக 250 மணி நேரப் பறப்பு வேண்டும். மணி நேரத்தைச் சேர்ப்பதுதான் நோக்கம் என்றால் வேகமோ, நான்கு சீட்டோ தேவையில்லை. எரிபொருள் குறைவாகக் குடிக்கும் இரண்டு சீட் விமானமே போதும்.

இன்னும் லைசென்ஸே வாங்காதவர்கள் கொஞ்சம் பொறுப்பது நல்லது. தனியார் விமானி லைசென்ஸுக்கு அமெரிக்காவில் சட்டப்படி குறைந்தது 40 மணி நேரம். நடைமுறையில் பலருக்கு 60, 70 மணி நேரம் ஆகிவிடுகிறது. பயிற்சிப் பள்ளி விமானம் பழுதானால் இன்னொரு விமானம் தருவார்கள். சொந்த விமானம் பழுதானால் பயிற்சியே நின்றுபோகும்.

நாலு சீட்டுன்னா நாலு பேர் போகலாமா?

கார் வாங்கிப் பழகியவர்கள் ஏமாறும் இடம் இது. காரில் ஐந்து சீட் என்றால் ஐந்து பேர் உட்காரலாம், டேங்கையும் நிரப்பலாம். விமானத்தில் எடைதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும்.

செஸ்னா 172 விமானத்தின் புதிய 172எஸ் மாடலை எடுத்துக்கொள்வோம். அது சுமக்கக்கூடியது தோராயமாக 400 கிலோ. டேங்க் நிறைய எரிபொருள் சுமார் 200 லிட்டர். அதுவே 144 கிலோ எடை. மீதி 256 கிலோ. 80 கிலோ எடையுள்ள மூன்று பேர் ஏறினால் 240 கிலோ. நான்காவது ஆளுக்கு இடம் இருக்கும், எடைக்கு அனுமதி இருக்காது. நான்கு பேர் போக வேண்டும் என்றால் எரிபொருளைக் குறைக்க வேண்டும். அப்படியென்றால் போகும் தூரமும் குறையும்.

இரண்டு சீட் கொண்ட செஸ்னா 152 இன்னும் கறார். மொத்தமே சுமார் 230 முதல் 250 கிலோதான் சுமக்கும். டேங்க் நிறைய எரிபொருளுடன் 90 கிலோ எடையுள்ள இரண்டு பேர் ஏறினால் வரம்பைத் தொட்டுவிடும்.

எடை கூடினால் விமானம் மேலே ஏறத் திணறும். வெயில் காலத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் திணறல் இன்னும் அதிகமாகும். விளம்பரத்தில் எத்தனை சீட் என்று பார்ப்பதை விட, அந்தக் குறிப்பிட்ட விமானத்தின் எடைக் கணக்குத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது அவசியம்.

எந்த விமானம் சரிப்பட்டு வரும்?

புதியவர்களுக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் பெயர்கள் மூன்று.

செஸ்னா 150, 152: இரண்டு சீட். மணிக்கு சுமார் 20 லிட்டர் எரிபொருள் போதும். வாங்கும் விலையும் பராமரிப்புச் செலவும் குறைவு. மெதுவாகப் போகும், இடம் குறுகல். மணி நேரம் சேர்க்க ஏற்றது.

செஸ்னா 172: 1955-ல் முதலில் பறந்தது. இதுவரை 44,000-க்கும் மேல் தயாராகி இருக்கிறது. உலகில் இந்த அளவுக்கு வேறெந்த விமானமும் தயாரிக்கப்படவில்லை. உதிரி பாகம், மெக்கானிக், பயிற்சியாளர் எதற்கும் பஞ்சம் இல்லை. சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் சுபாவம் உள்ள விமானம் என்ற பெயரும் உண்டு. அதனாலேயே பழையதின் விலையும் கூடிக்கொண்டே போகிறது.

பைப்பர் செரோகி: 1960களில் இருந்து பல மாடல்களில் வந்தது. செஸ்னாவுக்கு இறக்கை மேலே, இதற்குக் கீழே. கதவு ஒன்றுதான், வலது பக்கம். செஸ்னா 172-ல் இரண்டு டேங்க்கில் இருந்தும் ஒரே நேரத்தில் எரிபொருள் வரும்படி வைக்கலாம். செரோகியில் இடது, வலது என்று விமானிதான் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மறந்தால் ஒரு டேங்க் நிறைய எரிபொருள் இருக்கும்போதே என்ஜின் நின்றுபோகலாம்.

வேகமான விமானம் ஏன் இப்போ வேண்டாம்?

பீச்கிராஃப்ட் பொனான்சா என்ற வேகமான விமானம் 1947-ல் விற்பனைக்கு வந்தது. ‘வி’ வடிவ வால் கொண்ட அந்த மாடலுக்கு ‘டாக்டர்களைக் கொல்லும் விமானம்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அந்த வாலின் வலிமை பற்றிய கேள்விகள் ஒரு பக்கம் இருந்தன. ஆனால் பட்டப்பெயருக்குக் காரணம் வேறு. வாங்குவதற்குப் பணம் இருந்த, பறந்து பழக நேரம் இல்லாத தொழில்முறையாளர்கள் கையில் அது போய்ச் சேர்ந்தது என்பதுதான் விமானிகள் சொல்லும் விளக்கம்.

வேகமான விமானத்தில் சக்கரத்தை உள்ளே இழுக்க வேண்டும், இறங்கும்போது மறக்காமல் வெளியே விட வேண்டும். புரொப்பெல்லர் கோணத்தை மாற்ற வேண்டும். எல்லாமே சீக்கிரம் நடக்கும், யோசிக்க நேரம் குறைவு. அதனால்தான் அமெரிக்க விதிகளின்படி, 200 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள என்ஜினுக்கும், சக்கரம் உள்ளிழுக்கும் வகை விமானத்துக்கும் தனித்தனியே பயிற்சி எடுத்து, பயிற்சியாளரின் கையெழுத்து பெற வேண்டும். கென்னடி ஜூனியரின் சாரடோகாவில் இரண்டுமே உண்டு. அதற்கு முன் அவர் வைத்திருந்த செஸ்னா 182-ல் சக்கரம் நிலையானது.

காப்பீட்டு நிறுவனங்களும் இதைக் கணக்குப் போடும். அனுபவம் குறைந்தவர் இப்படிப்பட்ட விமானம் வாங்கினால் பிரீமியம் எகிறும். அல்லது பயிற்சியாளருடன் இத்தனை மணி நேரம் பறந்த பிறகே தனியாகப் பறக்கலாம் என்று நிபந்தனை போடும். விமானத்தைப் பேசி முடிக்கும் முன்பே காப்பீட்டுத் தொகையைக் கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

வாங்கும் விலை ஒரு பக்கம், வச்சிருக்கும் செலவு?

பறந்தாலும் பறக்காவிட்டாலும் சில செலவுகள் வந்துகொண்டே இருக்கும். நிறுத்தும் இடத்துக்கான வாடகை, காப்பீடு, 12 மாதத்துக்கு ஒருமுறை கட்டாயமாகச் செய்ய வேண்டிய முழுச் சோதனை ஆகியவை அவை.

ஒரு கணக்குக்கு, இந்த நிலையான செலவு வருஷத்துக்கு 10,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். எரிபொருள், ஆயில், என்ஜினுக்கான சேமிப்பு எல்லாம் சேர்த்து மணிக்கு 90 டாலர். வருஷத்தில் 50 மணி நேரம் பறந்தால் ஒரு மணி நேரத்துக்கு 290 டாலர் ஆகும். 100 மணி நேரம் பறந்தால் 190. 150 மணி நேரம் என்றால் சுமார் 157. அதே விமானம் மணிக்கு 190 டாலருக்கு வாடகைக்குக் கிடைக்கிறது என்றால், 100 மணி நேரத்துக்குக் கீழே பறப்பவருக்கு வாடகையே லாபம்.

இதில் விமானத்துக்குப் போட்ட முதல் சேர்க்கப்படவில்லை. அதனால்தான் இரண்டு, மூன்று பேர் சேர்ந்து ஒரு விமானத்தை வாங்கும் வழக்கம் அங்கே அதிகம். நிலையான செலவு பங்கு பிரிந்துவிடும். விமானமும் அடிக்கடி பறக்கும். என்ஜினுக்கு அதுதான் நல்லது.

வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

பளபளக்கும் பெயின்ட், புது சீட் கவர், பெரிய திரை. இவை மூன்றும் கண்ணை மயக்கும். உண்மை இருப்பது பராமரிப்புப் பதிவேட்டில். முதல் நாளில் இருந்து என்னென்ன வேலை நடந்தது, எப்போது மோதியது, எதை மாற்றினார்கள் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். பதிவேட்டில் சில வருஷங்கள் காணோம் என்றால் விலை குறையும், சந்தேகம் கூடும்.

அடுத்து என்ஜின். சிறிய லைகமிங் என்ஜின்கள் பலவற்றுக்கு 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டுகள், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது முழுவதும் பிரித்துச் சீரமைக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. அந்தச் செலவு பல பத்தாயிரம் டாலர். ‘என்ஜின் 400 மணி நேரம்தான் ஓடியிருக்கு’ என்று விற்பவர் சொன்னால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். அந்த 400 மணி நேரம் 20 வருஷத்தில் ஓடியதா? லைகமிங் என்ஜினில் கேம்ஷாஃப்ட் மேல் பகுதியில் இருக்கிறது. விமானம் நின்றே கிடந்தால் அதன் மேல் இருக்கும் ஆயில் வடிந்து துரு பிடிக்கும். அடிக்கடி பறந்த 1,200 மணி நேர என்ஜின் அதைவிட நல்ல நிலையில் இருக்கலாம்.

மூன்றாவது, அரசின் கட்டாயப் பாதுகாப்பு உத்தரவுகள். ஒரு மாடலில் பொதுவான குறை தெரிந்தால் எல்லா உரிமையாளர்களும் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் உத்தரவிடும். செஸ்னாவில் சீட் நகரும் தண்டவாளம் தேய்ந்து, விமானம் மேலே எழும்பும் நேரத்தில் விமானியின் சீட் பின்னால் சறுக்கிய சம்பவங்கள் உண்டு. அதற்கான சோதனை கட்டாயம். 2018 ஏப்ரலில் ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் ஒரு பயிற்சி விமானத்தின் இறக்கை வானிலேயே பிய்ந்து, அதில் இருந்த இரண்டு பேரும் இறந்தனர். அதன் பிறகு பைப்பர் பிஏ-28 குடும்பத்தின் பல மாடல்களுக்கு இறக்கைத் தண்டில் விரிசல் சோதனை கட்டாயமாக்கப்பட்டது. இந்த உத்தரவுகள் நிறைவேற்றப்பட்டதா என்று பதிவேட்டில் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் பார்க்க, வாங்குபவரே ஒரு மெக்கானிக்கை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அந்த விமானத்தை இதுவரை பராமரித்த மெக்கானிக்கையே கேட்டால், தன் வேலையில் தானே குறை சொல்வாரா? கூடவே, விமானத்தின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒக்லஹோமா சிட்டியில் உள்ள விமானப் பதிவகத்தின் ஆவணங்களில் அது தெரிந்துவிடும்.

சோதனைக்கு ஆயிரம் டாலருக்கு மேல் செலவாகலாம். விமானம் வேண்டாம் என்று முடிவானால் அந்தப் பணம் திரும்ப வராது. ஆனால் அந்தச் செலவுதான் பல பத்தாயிரம் டாலரையும், சில நேரம் உயிரையும் காப்பாற்றும்.

இந்தியாவில் முடியுமா?

இந்தியாவிலும் 17 வயது முடிந்தவர்கள், 40 மணி நேரப் பறப்பு உள்ளிட்ட தகுதிகளுடன் டிஜிசிஏவிடம் தனியார் விமானி லைசென்ஸ் பெற முடியும். விமானத்தைச் சொந்தமாகப் பதிவு செய்யவும் வழி இருக்கிறது. ஆனால் எரிபொருளே முதல் சவால். பிஸ்டன் என்ஜினுக்கான ஏவிகேஸ் நீண்ட காலம் இறக்குமதியை நம்பியே இருந்தது. 2022-ல்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் உள்நாட்டுத் தயாரிப்பை அறிமுகப்படுத்தியது. அதனால் இங்கே எந்த மாடல் என்று யோசிக்கும் முன், அதற்கு எரிபொருளும் மெக்கானிக்கும் எந்த விமான நிலையத்தில் கிடைக்கும் என்று கேட்பதுதான் முதல் வேலை.

வாங்கிய பிறகு?

சாவி கைக்கு வந்த அன்றே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பத் தோன்றும். அங்கேதான் நிதானம் தேவை. முதலில் அந்த விமானத்தில் பயிற்சியாளருடன் சில மணி நேரம், பிறகு தனியாகச் சில மணி நேரம், பகலில், நல்ல வானிலையில், பழகிய பாதையில். அதன் பிறகே மற்றவர்கள். பின் சீட்டில் உட்காருபவர்களுக்கு வானிலையும் தெரியாது, விமானியின் அனுபவக் கணக்கும் தெரியாது. அவர்கள் நம்பி ஏறுவது முன்னால் இருப்பவரைத்தான்.