லண்டன் போறீங்களா? கிராமர் ஸ்கூல் ஃபீஸ் ஜீரோ... ஆனா செலவு ஜீரோ இல்லை!

இங்கிலாந்துக்கு ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் குடும்பத்தோடு கிளம்புறவங்க நம்ம சேனல்ல அதிகமா கேட்கிற கேள்வி வரி பத்தி இல்லை. "சார், பையனை கிராமர் ஸ்கூல்ல சேர்க்கணும், எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். வீடியோவில் பத்து நிமிஷத்துல சொன்னதை, இங்கே கணக்கோடு விரிவா எழுதுறேன். பேப்பர், பேனா எடுத்துக்கோங்க.

முதல்ல, கிராமர் ஸ்கூல்னா என்ன?

இங்கிலாந்தில் 163 கிராமர் ஸ்கூல்கள் இருக்கு. எல்லாமே அரசு நிதியில் நடக்கும் பள்ளிகள், ஃபீஸ் கிடையாது. ஆனா 'இலெவன் பிளஸ்' என்ற நுழைவுத் தேர்வில் பிள்ளை தேறணும். ஆங்கிலம், கணக்கு, வெர்பல் ரீசனிங், நான்-வெர்பல் ரீசனிங் ஆகியவற்றிலிருந்து கேள்விகள் வரும். எது எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் மாறும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இந்த மாதிரி அரசு கிராமர் ஸ்கூல் இல்லை. கிளாஸ்கோவிலோ கார்டிஃபிலோ வேலைன்னா இந்தப் பேச்சே தேவையில்லை.

உங்க விசாவில் "பொது நிதி உதவி கிடையாது"ன்னு போட்டிருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அரசுப் பள்ளிப் படிப்பு அந்தத் தடையில் வராது. டிபென்டன்ட் விசாவில் வரும் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் படிக்க உரிமை உண்டு.

பணத்தை விட முக்கியமானது தேதி

இங்கே "அஞ்சாவது முடிச்சாச்சு, ஆறாவது போகணும்" என்ற கணக்கு செல்லாது. பிறந்த தேதிதான் வகுப்பை முடிவு செய்யும். கட்-ஆஃப் ஆகஸ்ட் 31.

உதாரணமா, 2016 செப்டம்பர் 1 முதல் 2017 ஆகஸ்ட் 31 வரை பிறந்த பிள்ளையை எடுத்துக்குவோம்.

- 2027 கோடைக்குள்: தேர்வுக்குப் பதிவு. கென்ட் பகுதியில் ஜூன் தொடக்கத்தில் திறந்து, ஜூலை தொடக்கத்தில் மூடிடுவாங்க.
- 2027 செப்டம்பர்: 'இயர் 6' ஆரம்பம். பெரும்பாலான இடங்களில் தேர்வும் அந்த மாதமே.
- 2027 அக்டோபர் 31: கவுன்சிலுக்குப் பள்ளி விருப்பப் பட்டியல் கொடுக்கக் கடைசி நாள்.
- 2028 மார்ச் 1: எந்தப் பள்ளின்னு தெரியும் நாள்.
- 2028 செப்டம்பர்: 'இயர் 7' சேர்க்கை.

நம்ம ஊர் வழக்கம் என்ன? ஏப்ரல்ல முழு ஆண்டுப் பரீட்சை முடியட்டும், டிசி வாங்குவோம், விசா வரட்டும், ஆகஸ்ட்ல பறப்போம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த ஆகஸ்ட்ல பல இடங்களில் பதிவே முடிஞ்சிருக்கும்! வேலை, விசா, வீடு எல்லாம் சரியா இருந்தும் ஒரு ஃபார்ம் தேதியால வாய்ப்பு போயிடும். புதுசா குடிவந்தவங்களுக்குத் தாமதத் தேர்வு வைக்கிற இடங்களும் உண்டு. ஆனா அதுக்குள்ள பல சீட் நிரம்பியிருக்கும்.

அதனால கம்பெனியிடம் ஜாயினிங் தேதி பேசும்போதே இந்தக் காலண்டரைக் கையில வெச்சுக்கோங்க. வெளிநாட்டு முகவரியிலிருந்தே தேர்வுக்குப் பதிவு செய்ய முடியுமா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். அந்தப் பள்ளியின் அட்மிஷன் பாலிசியை வெப்சைட்டில் வரிவரியா படிங்க. வாட்ஸ்அப் குரூப் தகவலை நம்பி டிக்கெட் போடாதீங்க.

எந்த ஏரியா?

நம்ம தமிழ் மக்கள் நிறைய பேர் முதல்ல போய் இறங்குறது ஈஸ்ட் ஹாம் அல்லது ஹாரோ. கோவில் இருக்கு, கடை இருக்கு, மனசுக்குத் தெம்பா இருக்கும். ஆனா ஈஸ்ட் ஹாம் இருக்கும் நியூஹாம் பரோவிலும் சரி, ஹாரோ பரோவிலும் சரி, கிராமர் ஸ்கூல் ஒண்ணுகூட இல்லை. லண்டனில் பார்னெட், பெக்ஸ்லி, ப்ராம்லி, என்ஃபீல்ட், கிங்ஸ்டன், ரெட்பிரிட்ஜ், சட்டன் ஆகிய ஏழு பரோக்களில்தான் இருக்கு. வெளியே கென்ட், பக்கிங்ஹாம்ஷயர் போன்ற கவுன்டிகளில் அதிகம்.

இதுல ரெண்டு வகை. ஒண்ணு, மார்க் வரிசைப்படி மட்டும் எடுக்கிற பள்ளி. பார்னெட்டில் உள்ள குவீன் எலிசபெத்ஸ் ஆண்கள் பள்ளி இந்த ரகம். தூரம் பெரிசா பார்க்க மாட்டாங்க, ஆனா போட்டி கடுமை. இன்னொண்ணு, தகுதி மார்க் எடுத்தவங்களில் கேட்ச்மென்ட், அதாவது பள்ளியின் எல்லைக்குள் வசிப்பவங்களுக்கு முன்னுரிமை. பக்கிங்ஹாம்ஷயரில் தகுதி மார்க் 121. அதை எடுத்தும் வீடு தள்ளி இருந்தா, நினைச்ச பள்ளி கிடைக்காமல் போகலாம்.

இப்போ கணக்குக்கு வருவோம்

*தனியார் பள்ளி:* 2024-ல் தனியார் டே ஸ்கூல்களின் சராசரி ஃபீஸ் ஆண்டுக்குச் சுமார் 18,000 பவுண்டு. 2025 ஜனவரி 1 முதல் அதுமேல 20% வாட். பள்ளி அதை முழுசா நம்ம தலையில வெச்சா 21,600. ஏழு வருஷத்துக்கு 1,51,200 பவுண்டு, அதுவும் ஃபீஸ் ஏறவே ஏறாதுன்னு வெச்சு! பவுண்டு 110 ரூபாய்னு போட்டாலே ஒண்ணேமுக்கால் கோடியை நெருங்குது.

இதுல பலர் மறக்கிற விஷயம், இது வரி கட்டின பிறகு கையில் வரும் பணம். சம்பளம் 50,270 பவுண்டைத் தாண்டினா, அதுக்கு மேல வர்ற ஒவ்வொரு பவுண்டிலும் 40% வருமான வரி, 2% நேஷனல் இன்ஷூரன்ஸ் போகும். அந்த நிலையில் 21,600 கையில் வர, சம்பளத்தில் 37,000-க்கு மேல கூடுதலா சம்பாதிக்கணும். ரெண்டு பிள்ளைன்னா நீங்களே பெருக்கிக்கோங்க.

*கிராமர் ஸ்கூல்:* ஃபீஸ் பூஜ்யம். ஆனா நல்ல கேட்ச்மென்ட்ல வாடகை கூடுதல். மாசம் 400 பவுண்டு அதிகம்னு வெச்சுக்குவோம். வருஷத்துக்கு 4,800, ஏழு வருஷத்துக்கு 33,600. டியூஷன் மணிக்கு 40 பவுண்டு, வாரம் ஒரு மணி நேரம், 40 வாரம்னா 1,600. ஆக மொத்தம் 35,200 பவுண்டு. தனியாரோடு ஒப்பிட்டா கால் பங்குக்கும் குறைவு.

லாபம்தானேன்னு அவசரப்படாதீங்க. ஒரு ஆடிட்டரா நான் பார்க்கிறது இதுதான்: வாடகை உறுதியான செலவு, சீட் உறுதியில்லாத வரவு. பிள்ளை பாஸ் ஆனாலும் ஆகாட்டியும் வாடகை போய்க்கிட்டே இருக்கும்.

அதனால என் சிபாரிசு ஒண்ணே ஒண்ணு. கிராமர் ஸ்கூல் கிடைக்காட்டியும் நிம்மதியா பிள்ளையை அனுப்பக்கூடிய சாதாரண அரசுப் பள்ளி பக்கத்துல இருக்கிற ஏரியாவில் வீடு பாருங்க. தேர்வே வைக்காத பள்ளிகளிலும் அருமையானவை இருக்கு. வெம்ப்ளியில் உள்ள மைக்கேலா கம்யூனிட்டி ஸ்கூல் நுழைவுத் தேர்வு இல்லாத பள்ளி. மாணவர்களின் முன்னேற்றத்தை அளக்கும் அரசுப் பட்டியலில் நாட்டிலேயே முதலிடம் வாங்கியிருக்கு.

வந்த உடனே வீடு வாங்கலாமா?

பொறுங்க. வாங்குற தேதிக்கு முந்தைய 12 மாசத்தில் 183 நாள் இங்கே இல்லாதவங்களுக்கு ஸ்டாம்ப் டியூட்டியில் 2% கூடுதல். 4,50,000 பவுண்டு வீட்டுக்கு அது 9,000 பவுண்டு. பின்னாடி ரீஃபண்ட் கேட்க வழி உண்டு, ஆனா முதல்ல கையை விட்டுப் போறது நம்ம பணம். ஏற்கெனவே விசாவுக்கு ஹெல்த் சர்சார்ஜ் கட்டியிருப்பீங்க. பெரியவங்களுக்கு ஆண்டுக்கு 1,035, பிள்ளைகளுக்கு 776 என்ற கணக்கில், நாலு பேர் குடும்பத்துக்கு மூணு வருஷத்துக்கு 10,866 பவுண்டு முன்கூட்டியே போயிருக்கும். முதல் வருஷம் வாடகை வீடுதான் சரி.

தெரிஞ்சவங்க முகவரியைக் கொடுத்து கேட்ச்மென்ட் காட்டுற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். கவுன்சில் சரிபார்க்கும். பொய்ன்னு தெரிஞ்சா கொடுத்த சீட்டைத் திரும்ப எடுத்துக்குவாங்க.

ஃபார்ம் நிரப்பும்போது

லண்டனில் ஆறு பள்ளி வரை எழுதலாம். நீங்க எத்தனாவது இடத்தில் போட்டீங்கன்னு பார்த்து பள்ளி தேர்ந்தெடுக்காது. அதனால ஆசைப்பட்டதை மேலே தைரியமா போடுங்க. கடைசி இடங்களில் கண்டிப்பா கிடைக்கக்கூடிய பக்கத்துப் பள்ளி ஒண்ணு இருக்கணும். ஆறும் கிராமர் ஸ்கூலா போட்டு ஒண்ணும் கிடைக்கலைன்னா, எங்கே இடம் மிச்சமோ அங்கே கவுன்சில் அனுப்பிடும்.

பிள்ளைக்கு வயசு தாண்டிடுச்சா?

கதவு மூடலை. நடுவுல இடம் காலியானா சில பள்ளிகள் தேர்வு வெச்சு எடுப்பாங்க. 16 வயசில், ஜி.சி.எஸ்.இ. மதிப்பெண் வெச்சு ஏ லெவல் படிக்க வெளிப் பிள்ளைகளைச் சேர்க்கிற கிராமர் ஸ்கூல்களும் நிறைய.

பெரிய பிள்ளை உள்ளவங்க இன்னொரு கணக்கும் போடணும். பல்கலைக்கழகத்தில் உள்நாட்டு ஃபீஸ் (2025-26-ல் உச்சவரம்பு 9,535 பவுண்டு) கிடைக்க, பொதுவா நிரந்தரக் குடியுரிமையும் மூணு வருஷ வசிப்பும் வேணும். அது இல்லைன்னா கிராமர் ஸ்கூல்ல முதல் மார்க் வாங்கினாலும் வெளிநாட்டு மாணவர் ஃபீஸ்தான், பல மடங்கு. அப்போ 5 வருஷமா இருந்த நிரந்தரக் குடியுரிமைக் காலத்தை 10 ஆக்க அரசு 2025-ல் முன்மொழிந்தது. பிள்ளைக்கு இப்போ 14 வயசுன்னா, அந்தப் பணத்தை இன்னிக்கே ஒதுக்க ஆரம்பிங்க.

கடைசியா ஒண்ணு. நம்ம பிள்ளைங்க கணக்குல பெரும்பாலும் தேறிடுவாங்க. தடுமாறுறது ஆங்கில வார்த்தை வளத்திலும் கதையைப் படிச்சுப் புரிஞ்சுக்கிறதிலும்தான். அதுக்கு இங்கிலாந்து வர்ற வரை காத்திருக்க வேண்டாம். இன்னிக்கு சாயந்திரமே பக்கத்து லைப்ரரில ஒரு மெம்பர்ஷிப் போடுங்க. இந்த முழுக் கணக்கிலேயே மலிவான, வட்டி அதிகம் தர்ற முதலீடு அதுதான்.

உங்க பிள்ளையோட பிறந்த தேதியை வெச்சு மேலே உள்ள காலண்டரை ஒரு தடவை எழுதிப் பாருங்க. அப்புறம் டிக்கெட் போடுங்க.