முழுப் பதிவைப் பெறுமாறு

அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி நோக்கிச் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் எஹலியகொட. அதனைச் சூழ்ந்த றப்பர், தேயிலைத் தோட்டங்களில் ஏடு என்பதற்குத் தனிப் பெறுமதி உண்டு. செக்றோல் என்னும் பேரேட்டில் அன்றைய பெயர் விழுந்தால் தொழிலாளிக்குக் கூலி உண்டு, விழாவிடின் இல்லை. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் வந்தபின் ஏட்டின் வலிமை இன்னும் மிகுந்தது. 1946 சனவரி 1ஆந் தேதிக்கு முன் மணமானோர் 7 ஆண்டும், மணமாகாதோர் 10 ஆண்டும் இடையறாது இலங்கையில் வதிந்திருத்தல் வேண்டும் என அச்சட்டம் விதித்தது. தலைமுறையாக உழைத்தவரிடத்தில் உழைப்பு இருந்தது. அதற்கு எழுத்துச் சான்று காட்டுதல் பலர்க்கு அரிதாயிற்று.

அத்துணைப் பெருந்துயரோடு ஒரு வணிகனின் கணக்கேட்டை ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும் ஏட்டின் இயல்பு ஈரிடத்தும் ஒன்றே. தன்னிடம் இல்லாததைப் பற்றி அது வாய்திறப்பதில்லை. இன்று கணினியினுள் புகுந்துவிட்ட வணிக ஏட்டுக்கும் இது பொருந்தும். அதனின்று ஒரு பதிவைக் குறைவின்றி எடுப்பது எவ்வாறு என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

கொழும்பில் தேயிலைப் பகிரங்க ஏலம் முதன்முதலில் 1883 யூலை 30இல் நடைபெற்றது. அன்று தொட்டு, தேயிலையை ஏலத்துக்கு அனுப்பும் தொழிற்சாலை தன் சரக்கை வாங்குவோன் யாவன் என அறியவேண்டிய தேவை பெரிதும் இல்லாதிருந்தது. மாதிரி அனுப்புவதும், பட்டியல் அச்சிடுவதும், விலைகூறி விற்பதும் தரகர் வேலை. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் ஏலம் இணையவழிக்கு மாறிய பின்னும் இம்முறை மாறவில்லை. ஆனால் தன் தேயிலையைப் பொதிசெய்து, தன் பெயரிட்டு, வெளிநாட்டுக் கடைக்கு நேரே விற்க முனையும் தொழிற்சாலைக்குத் தரகர் துணை போதாது. எஹலியகொடப் பகுதியில் அத்தகையதொன்று இருப்பதாகக் கொள்வோம். கண்காட்சியில் பெற்ற முகவரிச் சீட்டு, தொலைபேசி விசாரணை, இணையப் படிவத்தில் வந்த வினா ஆகிய ஒவ்வொன்றும் வாங்கக்கூடிய ஒருவரைச் சுட்டுகின்றது. வணிக வழக்கில் இதனை ‘லீட்’ என்பர். இன்னும் வாடிக்கையாளராகாத, ஆனால் ஆகக்கூடியவரின் பதிவு அது.

இப்பதிவுகளைப் பேணும் மென்பொருள்களுள் தமிழ்நாட்டில் உருவானது ஸோஹோ நிறுவனத்தின் சி.ஆர்.எம். ஸ்ரீதர் வேம்பு முதலியோர் 1996இல் தொடங்கிய நிறுவனம், அட்வென்ட்நெட் என்ற பழம்பெயரை விடுத்து 2009இல் இப்பெயர் பூண்டது. இம்மென்பொருள் வெளிவந்தது 2005இல். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் அந்நிறுவனம் அலுவலகம் நடத்துவதைப் பலரும் அறிவர். கிராமத்திலிருந்தும் உலக வணிகத்துக்கான கருவி செய்யலாம் என்பதற்கு அது தக்க சான்று.

மென்பொருளின் திரையில் தோன்றுவது பட்டியல் மாத்திரமே. பெயர், நிறுவனம், மின்னஞ்சல், தொலைபேசி எனச் சில நிரல்கள் காணப்படும். முழுப் பதிவு அதன் பின்னே இருக்கிறது. அதனை மனிதர் ஒவ்வொன்றாகத் திறந்து பாராமல் மற்றொரு நிரல் தானே கேட்டுப் பெறுதற்கென அமைந்த வாயிலை ஏ.பி.ஐ. என்பர். கேட்கும் முறையிலேதான் எல்லாம் அடங்கியிருக்கிறது. இவ்வாயிலின் பிந்திய பதிப்புகளில், எந்தெந்தப் புலங்கள் வேண்டும் எனப் பெயர் சொல்லிக் கேட்டல் கட்டாயம். ஒருமுறை கேட்பதில் 50 புலங்களுக்கு மேல் அடங்கா. பதிவில் அதற்கு மேற்பட்ட புலங்கள் இருப்பின் இருமுறை கேட்டு, அடையாள எண்ணைக் கொண்டு பொருத்த வேண்டும். கேளாத புலம் வாராது. வராததற்கு எச்சரிக்கையும் இராது. கேட்பவரின் அனுமதிக்குள் அடங்காத புலங்களும் அங்ஙனமே மறைந்துவிடும்.

அடுத்தது எண்ணிக்கை. ஒரு பக்கத்துக்கு 200 பதிவுகளே வரும். இன்னும் உண்டா என்பதை விடையின் இறுதியில் உள்ள குறிப்பு சொல்லும். அக்குறிப்பை நோக்காத நிரல் முதற்பக்கத்தையே முழு ஏடெனக் கொண்டு நின்றுவிடும். முதல் 2000 பதிவுகளைப் பக்க எண் கூறியே பெறலாம். அதற்கு மேல் மென்பொருள் தரும் பக்கச் சீட்டைத் திருப்பிக் காட்டித் தொடரவேண்டும். அச்சீட்டு 24 மணி நேரத்தில் காலாவதியாகும். திருத்திய நேரத்தின்படி வரிசையிட்டுப் பெறுவோர்க்கு வேறோர் இடர் உண்டு. வாசித்துக்கொண்டிருக்கையில் எழுத்தர் ஒரு பதிவைத் திருத்தினால் அது வரிசையில் இடம் பெயரும். ஒன்று விடுபடலாம், ஒன்று இருமுறை வரலாம். அடையாள எண்ணின் வரிசையே நம்பத்தக்கது.

இவை இயந்திர நுணுக்கங்கள், கற்றுக்கொண்டால் தீரும். ஆழ்ந்து நோக்கத்தக்கது மற்றொன்று. விசாரித்தவர் உண்மையாகவே வாங்க முற்பட்டதும் அவர் பதிவு ‘மாற்றப்பட்டது’ ஆகி, தொடர்பு, நிறுவனம், வேண்டுமாயின் பேரம் என வெவ்வேறு ஏடுகளிற் பிரியும். அதன்பின் சாதாரணமாகக் கேட்கும் லீட் பட்டியலில் அவர் வாரார். மாற்றப்பட்டவற்றையும் சேர்த்துத் தருக எனத் தனியே கேட்டல் வேண்டும். விளைவு விந்தையானது. நமது தொழிற்சாலை, எந்தக் கண்காட்சியால் பயன் விளைந்தது என ஆராயப் பட்டியலை எடுக்கிறது. வாங்கியோர் அனைவரும் விலகி, வாங்காதோர் மாத்திரமே அதில் எஞ்சி நிற்கின்றனர். அதனை நம்பி, நல்ல பயன் தந்த கண்காட்சியையே அடுத்த ஆண்டு கைவிடுதலும் கூடும். மேலும், மாற்றத்தின்போது முன்கூட்டி இணைத்துவைத்த புலங்களே புதிய ஏட்டுக்குச் செல்லும். இணைக்கப்படாத புலத்தில் எழுத்தர் குறித்த செய்தி பழைய பதிவோடேயே தங்கிவிடும். ஒரு பதிவினுள் வரிசை வரிசையாக அமையும் துணைப்படிவம், எடுத்துக்காட்டாக அனுப்பிய மாதிரிகளின் விவரம், பட்டியல் வழியே வருவதில்லை. அப்பதிவைத் தனியே அதன் எண்ணால் அழைத்தாலன்றி அது கிட்டாது.

வணிக இலாபம் ஒருபுறம் இருக்க, பதிவுக்குரியவர் பக்கமும் ஒன்றுண்டு. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய தரவை அறியவும், பிழை திருத்தவும், அழிக்கக் கோரவும் ஒருவர்க்குள்ள உரிமைகளை வகுத்துள்ளது. “என்னைப் பற்றி உங்களிடம் இருப்பது யாது?” என அவர் வினவும்போது பட்டியலின் நான்கு நிரல்களைக் காட்டுதல் விடையாகாது. மாற்றப்பட்ட பதிவு, துணைப்படிவம், எழுத்தர் எழுதிய குறிப்பு ஆகிய யாவும் அவரைப் பற்றியனவே. அழிக்கப்பட்டதையும் மறத்தலாகாது. நீக்கிய பதிவு உடனே அழிவதில்லை. குப்பைக்கூடையில் 60 நாள் கிடக்கும். நீக்கியவற்றைக் கேட்கும் தனிவாயில் அதன் பெயர், எண், நீக்கியவர், நீக்கிய நேரம் ஆகியவற்றையே காட்டும். உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டுமாயின் முதலில் பதிவை மீட்டெடுத்தல் வேண்டும்.

ஆதலின் நிரல் தன் வேலையை முடித்தபின் செய்யத்தக்கது பழைய கணக்கப்பிள்ளையின் வேலையே. மென்பொருள் கூறும் மொத்த எண்ணிக்கையையும் கைக்கு வந்த பதிவுகளின் எண்ணிக்கையையும் ஒப்பிடுதல். வேறுபாடு இருப்பின் அது மாற்றப்பட்டவற்றிலா, நீக்கப்பட்டவற்றிலா, அனுமதிக்கு அப்பாற்பட்டவற்றிலா எனத் தேடுதல். ஏதேனும் பத்துப் பதிவுகளைத் திரையில் திறந்து, புலம் புலமாகச் சரிபார்த்தல். இதற்கு அரைமணி நேரம் செல்லும்.